கசெற்றில் மிஞ்சிய இடம்: இன்டி றொக் ஓர் அறிமுகம்

தங்கையின் மகன் ஏலெவல் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறான். போன மாதம் திருநெல்வேலிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, "மாமா, இன்டி றொக் எண்டா இந்தியாக்காரரின்ர றொக்கோ?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. இளையராஜா, ரஹ்மான் என்று வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இன்டி என்பது இன்டிபென்டன்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். தமிழில் சுயாதீனம். இலங்கைத் தமிழருக்கு இந்தச் சொல் புதிதல்ல, சுயாதீனத் தொலைக்காட்சியைத் தெரியாதவர் யார்? 1979இல் தனியார் தொடங்கிய அந்த நிலையத்தை அதே ஆண்டிலேயே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் இன்றுவரை சுயாதீனம்தான். இன்டி என்ற சொல்லுக்கும் பிற்காலத்தில் கிட்டத்தட்ட இதே கதிதான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதிலிருந்து சுயாதீனம்? பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளிலிருந்து. எழுபதுகளின் நடுப்பகுதிவரை ஒரு குழு தட்டு வெளியிட வேண்டுமென்றால் ஸ்ரூடியோவுக்குக் காசு வேண்டும், தட்டு அடிக்கும் ஆலை வேண்டும், அடித்ததை ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்ப ஆள் வேண்டும். இவை பெரும்பாலும் ஒருசில கம்பனிகளின் கையில் இருந்தன. அவர்களுக்குப் பிடித்தால் உங்கள் பாட்டு வெளியே வரும். பிடிக்காவிட்டால் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் புத்தகம் போடும் எழுத்தாளரை நினைத்துப் பாருங்கள். பதிப்பகத்தின் படி ஏறி இறங்காமல், சொந்தக் காசில், சில நேரம் கடன் வாங்கியும், அச்சகத்தில் சில நூறு பிரதி அடிக்கிறார். பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா வைக்கிறார். மிஞ்சியதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொடுக்கிறார். அந்த மனுசன் செய்வதுதான் இன்டி. இங்கே அதற்கு ஒரு ஸ்ரைலான பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மன்செஸ்ரர் நகரத்து பஸ்கொக்ஸ் என்ற குழு 1977 ஜனவரியில் இதையேதான் செய்தது. தெரிந்தவர்களிடம் 500 பவுண் அளவில் கடன் வாங்கி, நான்கு பாட்டுக் கொண்ட ஒரு சின்னத் தட்டைப் பதிந்து, தாங்களே ஒரு லேபிள் பெயர் வைத்து, 1,000 பிரதி அடித்தார்கள். (லேபிள் என்றால் தட்டை வெளியிடும் நிறுவனம், புத்தகத்துக்குப் பதிப்பகம் போல.) ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவையில் சரிவந்தது என்பதைக்கூட உறையில் அச்சிட்டிருந்தார்கள். மீன்குழம்பை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கைப்பக்குவத்தையும் எழுதி ஒட்டிய மாதிரி. ஆயிரமும் விற்று, திரும்பத் திரும்ப அடித்து, 16,000 வரை போனது. இதைப் பார்த்த மற்றப் பெடியளும் தொடங்கிவிட்டார்கள்.

லண்டனில் 1976இல் திறந்த ரஃப் ரேட் என்ற இசைத்தட்டுக் கடை 1978இல் தானே ஒரு லேபிளும் ஆகியது. நாடு முழுக்க உள்ள இப்படிப்பட்ட சின்னக் கடைகளை இணைத்து விநியோகத்தையும் பார்த்துக்கொண்டது. 1980 ஜனவரியில் பிரித்தானியாவில் இன்டித் தட்டுகளுக்கென்று தனி விற்பனைத் தரவரிசை வந்தது. அதில் இடம்பிடிக்க ஒரே ஒரு நிபந்தனைதான்: தட்டு பெரிய கம்பனிகளின் விநியோகத்தில் போயிருக்கக் கூடாது. பாட்டு எப்படி ஒலிக்கிறது, கிற்றார் இருக்கிறதா என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஆக முதலில் இன்டி என்பது காசு யாருடையது, லொறி யாருடையது என்ற கேள்விக்கான பதில்.

பிறகு எப்படி அது ஓர் ஓசையின் பெயராக மாறியது? காசில்லாமைக்கு என்று ஓர் ஓசை உண்டு. ஸ்ரூடியோவில் இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் முதல் தடவை பாடியதையே வைத்துக்கொள்ள வேண்டும். பாடகர் சுருதி விட்டு விலகினாலும் அதுதான் பதிவு. வயலின் கோஷ்டி பிடிக்க வழியில்லை, இருப்பது இரண்டு கிற்றாரும் ஒரு பேஸும் ஒரு டிரம்ஸும். பளபளப்பு இல்லாத, பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போன்ற அந்த ஓசையைச் சனம் விரும்பத் தொடங்கியது. 1986இல் ஒரு பிரித்தானிய இசை வார இதழ் 22 குழுக்களின் பாட்டுகளை ஒரு கசெற்றில் போட்டு வாசகர்களுக்குத் தபாலில் அனுப்பியது. சி86 என்ற அந்தக் கசெற்றின் பெயரே பிறகு ஓசையின் பெயராகிவிட்டது, "அது சி86 மாதிரிக் குழு" என்று சொல்லும் அளவுக்கு.

கரகரப்பான பதிவைப் பற்றி ஒரு சொல். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் எஸ்.பி.பி.யின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், வேகமெடுத்தால் சித்ரா போலக் கீச்சிடும். அப்படிக் கேட்டு வளர்ந்த எங்களிடம் வந்து "பதிவுத் தரம் சரியில்லை" என்று ஒரு குழுவைத் தள்ளிவைக்கச் சொன்னால் எப்படி? லோஃபை என்று இன்றைக்கு ஸ்ரைலாகச் சொல்லும் கரகரப்பை நாங்கள் சைக்கிள் சுற்றிச் சம்பாதித்தோம்.

அந்த லோஃபையின் பின்னால் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. நாலு தடப் பதிவுக்கருவி. சாதாரணக் கசெற் நாடாவை நான்கு ஒழுங்கைகளாகப் பிரித்து, ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிற்றார், கடைசியில் குரல் என்று தனித்தனியாகப் பதிந்து ஒன்றாக ஒலிக்கவிடலாம். 1979இல் ராஸ்கம் கம்பனி இதை மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்கியது. ஸ்ரூடியோ வீட்டுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ரொபேர்ட் பொலார்ட் என்றொரு ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் இருந்தார். பகலில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள், மற்ற நேரத்தில் நண்பர்களோடு பாட்டும் பதிவும். அவருடைய கைடட் பை வொய்ஸஸ் குழுவின் 'பீ தவுசன்ட்' 1994இல் வந்தது. 20 பாட்டு, மொத்தம் முப்பத்தாறு நிமிடம்தான்! சில பாட்டுகள் தொடங்கியதும் முடிந்துவிடும். ரியூஷன் ஆசிரியர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதையைப் படித்தபோது, எங்கள் கணக்கு மாஸ்ரர்மாரில் எத்தனை பேரின் லாச்சிக்குள் என்னென்ன கிடக்குமோ என்று யோசித்தேன்.

ஆனால் எனக்கு மிக நெருக்கமான கதை நியூசிலாந்தினுடையது. அந்த நாட்டின் தெற்கில் டனிடின் என்றொரு பல்கலைக்கழக நகரம். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் சனம், குளிர், மழை. லண்டனும் நியூயோர்க்கும் அங்கிருந்து உலகத்தின் மறுமுனை. 1981இல் கிறைஸ்ற்சேர்ச் நகரில் ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலைசெய்த ரொஜர் ஷெப்பேர்ட் ஃப்ளையிங் நன் என்ற லேபிளைத் தொடங்கினார். டனிடினின் த கிளீன் என்ற குழு ஐம்பது அறுபது டொலருக்குள் ஒரு பாட்டைப் பதிந்து கொடுத்தது. அது நாட்டின் முதல் இருபதுக்குள் ஏறிவிட்டது. பிறகு அதே குழு நாலு தடக் கருவியில் பதிந்த சின்னத் தட்டு ஆறு மாதத்துக்குக் கிட்டத் தரவரிசையில் நின்றது. 1982இல் இன்னும் நான்கு டனிடின் குழுக்கள், இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களை ஆளுக்கொரு பக்கமாகப் பங்கு போட்டு வெளியிட்டன. பங்காளிகள் காணி பிரித்த மாதிரி, ஆனால் கோடேறாமல். மணியடிப்பது போன்ற கிற்றாரும் ஓயாத டிரம்ஸும் சேர்ந்த அந்த ஓசைக்கு "டனிடின் சவுண்ட்" என்று பெயர் விழுந்தது. அந்த நகரத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அமெரிக்காவில் அந்தக் கிற்றாரைப் பழகினார்கள்.

தலைநகரத்துக்குப் போகாமலே ஒரு சின்ன ஊர் தன் ஓசையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது யாழ்ப்பாணத்துக்காரனுக்கு ஆச்சரியமாக இருக்கக் கூடாது. இணுவில், அளவெட்டி நாதஸ்வரமும் தவிலும் கொழும்பில் யாரிடமும் அனுமதி கேட்டா வளர்ந்தன? கிற்றாரும் எங்களுக்கு அந்நியமில்லை. அறுபது எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் தமிழில் பொப் பாடி இந்த நாட்டையே ஆடவைத்தார்கள். இன்றைக்கு சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய காஸ்ற்லெஸ் கலெக்ரிவ் குழு கானாவையும் றொக்கையும் ராப்பையும் ஒன்றாகப் பிசைகிறது. இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சரி, சொல்லுக்கு என்ன ஆனது? நிர்வானா குழு 1989இல் சியாட்டிலின் சப் பொப் என்ற சின்ன லேபிளில் முதல் அல்பம் போட்டது. பதிவுச் செலவு 606 டொலர் 17 சதம். சதம்வரை கணக்கு இருக்கிறது பாருங்கள், அதுதான் இன்டி. 1991இல் இரண்டாவது அல்பத்தைப் பெரிய கம்பனி வெளியிட்டது. 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜக்சனையே கீழே தள்ளி அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்துக்குப் போனது. அதன் பிறகு பெரிய கம்பனிகள் சின்னக் குழுக்களைத் தேடி ஓடத் தொடங்கின. காசும் லொறியும் பெரியவர்களுடையவை ஆனபிறகும் பெயர் இன்டியாகவே இருந்தது. ஆகவே இன்று யாராவது இன்டி என்றால் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்: சொந்தக் காலில் நிற்கும் குழுவையா, அப்படி ஒலிக்கும் குழுவையா? இரண்டும் ஒன்றாக இருக்கும் குழுக்களும் உண்டு. மொன்றியலின் ஆர்கேட் ஃபயர் 'த சபேர்ப்ஸ்' அல்பத்துக்காக 2011இல் கிராமி மேடையில் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற பரிசை வாங்கியபோது அது மேர்ஜ் என்ற சின்ன லேபிளின் வெளியீடாகத்தான் இருந்தது.

இனி எப்படித் தேடுவது. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபிறகு தேடவே தேவையில்லை, அதுவே ஊட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊட்டும்தான், ஆனால் நேற்றுச் சாப்பிட்டதையே. நீங்கள் ஏற்கெனவே கேட்டதுக்குப் பக்கத்தில் உள்ளதைத் தருவதுதான் அதன் வேலை. பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் நீங்களே இறங்கி நடக்க வேண்டும்.

நான் நடக்கும் வழி ஆட்களைப் பின்தொடர்வது. ஒரு அல்பம் பிடித்தால் அதை யார் வெளியிட்டார்கள் என்று பார்ப்பேன். சின்ன லேபிள் என்பது ஒருவரின் ரசனை. அவர் ஒன்றை நல்லது என்று காசு போட்டிருந்தால், அவர் காசு போட்ட மற்றதும் உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். லண்டனின் 4ஏடி, நியூயோர்க்கின் மற்றடோர், வோஷிங்ரனின் டிஸ்கோர்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைமணம் உண்டு. அப்புறம், யார் பதிந்தார்கள் என்று பார்ப்பேன். 2024இல் காலமான ஸ்ரீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளர், விற்பனையில் பங்கு கேட்காமல் மேசன் கூலி மாதிரி ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொள்வார். பிக்ஸீஸின் 1988 அல்பம், பி.ஜே. ஹார்வியின் 1993 அல்பம், நிர்வானாவின் அதே ஆண்டு அல்பம் எல்லாம் அவர் கைபட்டவை. அவர் பதிந்த டிரம்ஸைக் கேட்டால் அந்த அறையின் சுவர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுகூடத் தெரியும். இவரைப் போன்ற ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வருடம் கேட்க இருக்கிறது.

மனிதக் குரலும் வேண்டும். பிபிசி றேடியோ வண்ணில் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர் யாரும் கேள்விப்படாத குழுக்களைத் தேடித்தேடி ஒலிபரப்பினார். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் குரலுக்காகவே றேடியோவுக்கு முன்னால் இருந்த வீட்டாருக்கு இது விளங்கும். சில நேரம் பாட்டைவிடப் போடுகிறவரை நம்பிக் கேட்கிறோம். இன்றைக்கு அந்த இடத்தில் சியாட்டிலின் கேஈஎக்ஸ்பி வானொலி இருக்கிறது. குழுக்கள் அங்கே நேரடியாக வாசிப்பதை யூரியூப்பில் பார்க்கலாம். வெளிச்சமோ வெட்டி ஒட்டலோ காப்பாற்றாது, வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

பேண்ட்காம்ப் என்ற தளத்தையும் சொல்ல வேண்டும். குழுவே தன் அல்பத்தை விலை போட்டு விற்கும் சந்தை அது. டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம் வரைதான் தளம் எடுக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி குழுவுக்கு. ஒரு அல்பம் ஏழு எட்டு டொலர் என்றால் எங்கள் காசில் இரண்டாயிரத்தைத் தாண்டும், எல்லோராலும் முடியாது. ஆனால் பெரும்பாலானவற்றை வாங்குமுன் சில தடவை இலவசமாகக் கேட்கலாம். உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்று விடும் குழுக்களும் நிறைய.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான கஷ்டம். அடுத்தவருக்கு எப்படிச் சொல்வது? இதில் நான் ஒரு பெரிய முட்டாள்வேலை செய்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு இதே மருமகனுக்கு ஒரு பென்ரைவ் நிறைய நாற்பது அல்பம் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, பௌதிகவியல் வகுப்பு வீடியோ போட இடம் காணாமல் அழித்துவிட்டேன் என்றான். ஒன்றுகூடக் கேட்கவில்லை. பிழை என்னுடையது. கல்யாண வீட்டில் பந்தியில் இருப்பவனுக்கு நாற்பது கறியையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்டினால் அவன் எழும்பிப் போகத்தான் செய்வான்.

பிறகுதான் எண்பதுகளின் ரெக்கோடிங் பார் அண்ணைமார் நினைவுக்கு வந்தார்கள். கொப்பி ஒற்றையில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய் அறுபது நிமிடக் கசெற்றோடு கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சினால் கடை அண்ணை அதை வெறுமையாக விடமாட்டார். பட்டியலைப் பார்த்து உங்கள் ருசியைக் கணித்து, தன் கையால் ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். நாங்கள் கேட்காத பாட்டு. பல நேரம் கசெற்றிலேயே அதுதான் சிறந்த பாட்டாக இருக்கும். அவர் எங்களுக்கு முன்னால் வைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் எங்கள் பட்டியலைப் படித்த பிறகு.

ஆகவே இப்போது நான் முதலில் மற்றவரின் பட்டியலைக் கேட்கிறேன். கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, காதடைக்கும் அந்த நிலைக்குள் ஒரு அமைதியைக் கண்டவர் என்றால், மை பிளடி வலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) கொடுப்பேன். கிற்றார் மதில்போல எழும்பி நிற்கும், குரல் அதற்குள் எங்கோ புதைந்து கேட்கும். முதல் தடவை கருவி பழுதோ என்று தோன்றும். ஹெட்ஃபோனில், சத்தமாகத்தான் கேட்க வேண்டும். செத்தவீடும் புலம்பெயர்வும் இல்லாத குடும்பம் இங்கே எது? அப்படி ஒரு கனத்தோடு இருப்பவருக்கு ஆர்கேட் ஃபயரின் 'ஃப்யூனரல்' (2004). பதிவு நடந்த காலத்தில் குழுவினரின் உறவினர் பலர் இறந்ததால் அந்தப் பெயர். குழுவின் ரெஜீன் ஷசாஞ்ஞின் பெற்றோர் ஹெயிட்டியின் சர்வாதிகார ஆட்சியிலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போனவர்கள், அந்தத் தீவைப் பற்றிய பாட்டும் அதில் இருக்கிறது. ஆனால் அழுது வடிவதில்லை, கூட்டமாகச் சேர்ந்து கத்திப் பாடுகிறார்கள். இதற்குமேல் நான் விளக்கம் சொல்வதில்லை. "உலகத்திலேயே சிறந்த அல்பம்" என்று சொல்லிக் கொடுத்தால் கேட்கிறவர் சோதனை மண்டபத்தில் இருப்பதுபோல இருப்பார். "பிடிக்கேல்ல" என்று திருப்பித் தந்தால் முகத்தை நீட்டவும் கூடாது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அடுத்ததற்கு வழி கிடைக்கும்.

மருமகனுக்கு இந்தமுறை ஒன்றே ஒன்றுதான். அவன் ராஜாவின் பேஸ் கிற்றாரில் உயிரை விடுகிறவன். அதனால் ஆர்.இ.எம். குழுவின் 'மேர்மர்'. 1983, ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊர், அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் தூக்கிவிட்ட குழு. பேஸ் அதில் அடியில் கிடக்காது, இரண்டாவது பாடகர் மாதிரி நடமாடும். பருத்தித்துறையில் அப்பம்மா வீட்டுக்குப் போக பஸ் ஏறியபோது அனுப்பினேன். அந்த ஓட்டத்துக்குள் ஒரு அல்பம் முழுக்க முடியும்.

இறங்கியதும் அழைத்தான். "மாமா, பேஸ் சும்மா பறக்குது. ஆனா அந்தாள் என்ன பாடுறார் எண்டு ஒரு சொல்லும் விளங்கேல்ல. என்ர இங்கிலீஷ் அவ்வளவு மோசமோ?"

"இல்லையடா. அமெரிக்கரே நாற்பது வருசமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கினம்."

அடுத்தது என்ன என்று கேட்டான். நான் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. 'மேர்மர்' அல்பத்தைத் தயாரித்த இருவரில் ஒருவரான மிச் ஈஸ்ரருக்குச் சொந்தமாக ஒரு குழு இருந்ததாம், லெட்ஸ் அக்ரிவ் என்று. அதைத் தேடிப் பிடித்திருக்கிறான். கீழே ஒரு வரி: "மாமா, இதைக் கேட்டிருக்கிறீங்களோ?"

கேட்டதில்லை.